மறுகால் பாய்ந்த மறுநாள் இரவு

நான் பிறந்த ஊரில் கண்மாய், அதாவது ஏரி, நிறைந்து மறுகால் பாய்ந்தால், மிஞ்சிய நீர் வழிந்து ஓடினால், கிடா வெட்டுவார்கள். வாழ்க்கைப்பட்ட ஊரில் அதே தண்ணீர் அடுத்த நாள் இரவு அடுப்படிக்குள் வந்து நிற்கும். இரண்டும் ஒரே தண்ணீர்தான் என்று எனக்கு உறைக்க நான்கு மழைக்காலங்கள் பிடித்தன.

பிறந்த ஊர் மேற்கே, சிவகங்கை மாவட்ட எல்லையை ஒட்டிய கண்மாய்க் கிராமம். புகுந்த ஊர் கிழக்கே, திருப்பாலைக்குடிக்கும் தொண்டிக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒரு சிற்றூர். பஸ்ஸில் இரண்டு மணி நேரப் பயணம். இந்தப் பக்கத்து ஆறுகளில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது கோட்டைக்கரையாறு. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து பாக் விரிகுடாவில் சேர்கிற ஆறு அது. படகுச் சவாரிக்கு வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். எங்கள் ஆற்றை யாரும் பார்க்க வரமாட்டார்கள். அது வெறும் ஓடை. மேற்கே வரிசையாக இருக்கும் கண்மாய்களில் வழிகிற நீரையெல்லாம் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போக வேண்டியது அதன் வேலை. ஆண்டில் பத்து மாதம் அந்த வேலை இல்லை. பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஆடுகள் உப்புப் பூத்த தரையை நக்கும், கரை இரண்டிலும் வேலிக்கருவை மண்டிக் கிடக்கும். ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் அது ஆறுதான். ஓடை என்று சொன்னால் மாமாவுக்கு, என் மாமனாருக்கு, கோபம் வரும்.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 82 சென்டிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மீதி நாளெல்லாம் அந்த நீரைத் தேக்கிவைத்துத்தான் பிழைப்பு. அதற்காகத்தான் முன்னோர் கண்மாய்க்குக் கண்மாய் கோத்துவைத்தார்கள். மேல்கண்மாய் நிறைந்தால், மிஞ்சிய நீர் வெளியேறக் கரையில் கட்டிவைத்த கலுங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். கரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நாரையால் ஒரே மூச்சில் பறக்க முடியாதாம். இப்படி நிறைவதைப் பற்றியே எங்கள் பக்கத்துப் பேச்செல்லாம். வழிந்தது எங்கே போகிறது என்று நான் சிறுவயதில் யாரிடமும் கேட்டதில்லை. கிழக்கே போகிறது, அவ்வளவுதான். அந்தக் கிழக்கில் யார் வீடு இருக்கிறது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம். நெத்திலி, காரல், திருக்கை, வாளை என்று வாங்கி, காயவைத்து, மூட்டை கட்டி அனுப்புவோம். வீட்டை ஒட்டி, சரக்கு வைக்க, ஓட்டுக்கூரை போட்ட ஒரு கிட்டங்கி. கருவாட்டுக்கு ஈரம் எமன். லேசாகச் சாரல் அடித்தாலே புழு வைத்துவிடும். ஆகவே மழைக்காலத்தில் நாங்கள் எப்போதும் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்தப் பழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது.

கல்யாணமாகி நான்காவது கார்த்திகை. மூன்று நாள் விடாத மழை. கிட்டங்கியில் ஒழுகுகிற இடங்களில் எல்லாம் தார்ப்பாய் கட்டி, மூட்டைகளை இடம் மாற்றி மாற்றி வைத்தோம். நான்காம் நாள் காலை வானம் வெளுத்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. மூட்டைகளை மறுபடி தரையில் இறக்கி அடுக்கினோம். மாமா அப்போது ஊரில் இல்லை. கண்புரை அறுவைச் சிகிச்சைக்காக ராமநாதபுரத்தில் இருந்தார். மத்தியானம் என் அண்ணன் போன் செய்தான். "தங்கச்சி, கண்மாய் நிறைந்துவிட்டது. விடியற்காலையிலிருந்து மறுகால் பாய்கிறது. கலுங்கில் ஒரு முழம் உயரத்துக்குப் போகிறது, கிடா பிடிக்க ஆள் போயிருக்கிறது" என்றான். அவன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. எட்டு ஆண்டுகளாக அந்தக் கண்மாய் முழுதாக நிறைந்ததில்லை. சாயங்காலம் மாமா கூப்பிட்டு, "மழை எப்படித் தாயி?" என்று கேட்டார். "நின்றுவிட்டது மாமா, நல்ல வெயில்" என்றேன். அண்ணன் சொன்னதை நான் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை. பிறந்த வீட்டுச் சந்தோஷத்தை மாமனாரிடம் எதற்கு அளந்துகொண்டிருப்பது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பகலும் வெயில். ஆற்றில் நீர் கூடியிருந்தது. மழைக்காலத்தில் கூடத்தானே செய்யும் என்று பார்த்துவிட்டுப் போய்விட்டோம். அன்று இரவு வானம் நிறைய நட்சத்திரம். பதினொன்றரை மணி போல ஆடு கத்தியது. நாயைப் பார்த்துக் கத்துகிறது என்று புரண்டு படுத்தேன். மறுபடி கத்தியது. காலைக் கீழே வைத்தேன். கணுக்கால் வரை தண்ணீர்.

தண்ணீர் ஆற்றுப் பக்கமிருந்து வரவில்லை. வீட்டுக்குப் பின்னால், சாலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு அது முதலில் புரியவே இல்லை. என் வீட்டுக்காரர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்குப் போனார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். திரும்பி இறங்கி வருவதற்குள் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது, இழுப்பும் இருந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ ஊரை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நான்கு ஆடுகளில் இரண்டு, கட்டியிருந்த முளையோடு போராடி மூழ்கிவிட்டன. கயிறு எட்டியவரை தலையைத் தூக்கி வைத்திருந்திருக்கின்றன. அதை நான் காலையில்தான் பார்த்தேன். கிட்டங்கியில் பதினெட்டு மூட்டை. தண்ணீரில் ஊறிய கருவாட்டை என்ன செய்வது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மூன்று கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் தெரிந்துவிடும்.

விடிந்ததும் ஆண்கள் முகத்துவாரத்துக்கு ஓடினார்கள். கோடை முழுக்க ஆற்றில் ஓட்டம் இல்லாததால், அலை கொண்டுவந்து போட்ட மணல் முகத்தை அடைத்து மேடாகியிருந்தது. மழை தொடங்கும் முன் அதை வெட்டிவிடுவது ஊர் வழக்கம். அந்த ஆண்டு வெட்டவில்லை. காரணம், முகத்துக்கு உள்ளே நாட்டுப்படகுகள் கட்டிக் கிடந்தன. வெட்டினால் இழுப்பில் படகு போகும் என்று ஒரு சாரார் சொல்ல, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். இப்போது அவசர அவசரமாக மண்வெட்டியோடு இறங்கி, கிடைத்த ஆட்களைக் கொண்டு அகலமாகத் தோண்டினார்கள். அமாவாசை கழிந்த இரண்டாம் நாள். கடலில் ஏற்றம் ஏறிக்கொண்டிருந்தது. வாடைக்காற்று வேறு. தோண்டிய வழியில் ஆறு வெளியே போகவில்லை, கடல் உள்ளே வந்தது. அரை மணி நேரத்தில் வெட்டிய இடத்தையும் மணல் மூடிவிட்டது. வயதான மீனவர் ஒருவர் கரையில் உட்கார்ந்து பீடி பிடித்தபடியே, "வற்றம் வரட்டும். ஒரு ஆள் போகிற அகலம் போதும். மற்றதை ஆறே வெட்டிக்கொள்ளும்" என்றார். மத்தியானம் கடல் இறங்கிய வற்றத்தில் அவர் சொன்னபடி செய்தார்கள். ஒரு சின்ன வாய்க்கால்தான் வெட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் மணல் சரிந்து சரிந்து விழுந்து, அது ஒரு லாரி போகிற அகலத்துக்கு வந்தது. படகுகளை முன்கூட்டியே கரையேற்றியிருந்ததால் ஒன்றும் போகவில்லை. முந்தின வாரமே அப்படிக் கரையேற்றியிருக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை.

வடகடல், அதாவது எங்கள் பாக் விரிகுடா, அமைதியான கடல், பெண்கடல் என்பார்கள் எங்கள் பக்கத்தில். தென்கடலான மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். இந்தப் பெண்கடல் சீறுவது வாடைக்காலத்தில்தான், அதாவது எங்கள் ஆறு ஓடுகிற அதே மாதங்களில்தான். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கரையில் கடல்மட்டமே மற்ற மாதங்களைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். அதன்மேல் அமாவாசை, பௌர்ணமி ஏற்றமும் வடகிழக்குக் காற்றும் சேர்ந்தால், ஆற்றுநீர் போக நினைத்தாலும் கடல் கதவைச் சாத்திவிடும். தரை இங்கே உள்ளங்கை போலச் சமம். கடலில் ஒரு முழம் ஏறினால் ஊருக்குள் அரைக் கிலோமீட்டர் தள்ளி அதன் வலி தெரியும்.

சாலைப் பக்கமிருந்து தண்ணீர் வந்த கதையும் அன்றுதான் புரிந்தது. ஊருக்கு மேற்கே ஆற்றைக் கடக்கும் இணைப்புச் சாலையில் பாலம் என்று ஒன்று இருக்கிறது. மூன்று சிமெண்ட் குழாய்களைப் படுக்கவைத்து மேலே மண் போட்டு மூடியது. முன்பு அங்கே தரைப்பாலம் இருந்தது. வெள்ளம் மேலேறிப் போகும், இரண்டு நாள் பஸ் வராது, மூன்றாம் நாள் வரும். குழாய்ப் பாலம் வந்த பிறகு சாலை உயர்ந்தது, பஸ் நிற்பதில்லை, தண்ணீர்தான் நின்றுவிட்டது. அன்று அந்தக் குழாய்களில் இரண்டு வேலிக்கருவை முள்ளாலும் பிளாஸ்டிக் குப்பையாலும் அடைத்திருந்தன. மேற்கிலிருந்து வந்த நீர் சாலையில் முட்டி, பக்கவாட்டில் பரவி, தாழ்ந்த இடம் தேடி எங்கள் கொல்லைக்கு வந்துவிட்டது. ஆற்றுக்கரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு முதுகில் அடி விழும் என்பது இப்படித்தான்.

அதற்கடுத்து நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வடிந்த அன்றே, மாமா வருவதற்குள் வீடு வீடாக இருக்க வேண்டும் என்று வெறி பிடித்தது போல வேலை செய்தேன். சேற்றை வாரி வெளியே தள்ளி, சுவரைக் கழுவி, நனைந்த மெத்தை, அரிசி, துணி எல்லாவற்றையும் குழிவெட்டிப் புதைத்து, கருவாட்டை ஆள் வைத்து அள்ளிப் போட்டு, வாசலில் கோலம் கூடப் போட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்துச் சேதம் கணக்கெடுக்க வந்தவர் கோலத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், "இங்கே பாதிப்பு இல்லை போலிருக்கிறதே" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு போட்டோகூட எடுத்துவைக்கவில்லை நான். இப்போது யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன். துடைப்பத்தை எடுக்கும் முன் போனை எடுங்கள். சுவரில் நீர் நின்ற கோடு, நனைந்த மூட்டை, செத்த ஆடு எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆடு, மாடு செத்திருந்தால் கால்நடை மருத்துவர் பார்க்கும் முன் புதைக்காதீர்கள். வயல்காரர்களுக்கு இதைவிடக் கொஞ்சம் வழி உண்டு. பயிரில் 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால் நிவாரணக் கணக்கில் வரும். காப்பீடு வேறு, அதற்கான கெடு பொதுவாக நவம்பர் நடுவில் முடிந்துவிடும், வெள்ளம் வருவது பெரும்பாலும் அதற்குப் பிறகு. கருவாட்டு மூட்டைக்கு இது எதுவும் கிடையாது.

மாமா கண்ணில் பச்சைத் துணியோடு வந்து இறங்கினார். வீட்டைப் பார்க்கவில்லை, நேராக என்னைக் கூப்பிட்டார். "மேற்கே மறுகால் விழுந்ததா என்று உனக்குத் தகவல் வந்ததா தாயி?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. "உன் மேல் தப்பில்லை. நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை" என்றார். அவர் காலத்தில் போன் ஏது? மழைக்காலம் வந்தால் மேற்கிலிருந்து வருகிற பஸ் நடத்துநரிடம் கேட்பாராம்: எந்த ஊர்க் கலுங்கு பாய்கிறது, எவ்வளவு பாய்கிறது. ஆட்டுக் கிடை ஓட்டி வருகிற கீதாரிகளிடம் கேட்பாராம். அவர்கள் கண்மாய் கண்மாயாகக் கடந்து வருகிறவர்கள், நீர் எங்கே நிற்கிறது என்று அவர்களைவிடத் தெரிந்தவர் இல்லை. அத்தனையும் அவர் ஒருவர் தலைக்குள் இருந்தது. அவர் கண் மருத்துவமனைக்குப் போனபோது ஊரின் கண்ணும் கூடவே போய்விட்டது.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். பிள்ளையின் பழைய கோடு போட்ட நோட்டு. ஒரு பக்கம் அண்ணன் சொன்ன நேரம், கலுங்கில் நீரின் உயரம். மறுபக்கம் எங்கள் ஆற்றில் நீர் ஏறிய நேரம். குழாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் சாண் சாணாகக் கோடு போட்டிருக்கிறோம். 'வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன' என்று சொல்வார்கள். மேலே போன பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் சாணுக்கும் முழத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லாம். அண்ணன் ஊர்க் கலுங்கில் ஒரு சாண் போனால் எங்கள் ஆறு கரைக்குள்ளேயே போகிறது. ஒரு முழம் போனால் கொல்லைக்கு வருகிறது. அங்கே முழம் தொட்டதிலிருந்து இங்கே வந்துசேர முப்பது மணி நேரம், சில சமயம் முப்பத்தைந்து. இந்தக் கணக்கு எங்கள் ஆற்றுக்கு மட்டும்தான். உங்கள் ஊர் ஓடைக்கு நீங்களே எழுதித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எழுத எழுத வேறு சிலவும் பிடிபட்டன. பருவத்தின் முதல் மழை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாங்கள் பயப்படுவதில்லை. கண்மாய்கள் எல்லாம் வயிறு காய்ந்து கிடக்கும், குடித்துவிடும். ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். காய்ந்த கண்மாய் அதையும் கேட்கும், இன்னும் கேட்கும். பயப்பட வேண்டியது எல்லாம் நிறைந்த பிறகு வருகிற இரண்டாவது, மூன்றாவது மழைக்கு. அப்போது மேலே விழுகிற ஒவ்வொரு சொட்டும் நேரே கீழே. எச்சரிக்கை நிறத்தையும் இப்படியே பார்க்கக் கற்றுக்கொண்டேன். வானிலை மையம் எங்கள் மாவட்டத்துக்கு என்ன நிறம் போட்டிருக்கிறது என்பதோடு, சிவகங்கைக்கு என்ன நிறம் என்று பார்ப்பேன். எங்களுக்குப் பச்சை, அவர்களுக்கு ஆரஞ்சு என்றால் கிட்டங்கி மூட்டை பரணுக்கு ஏறிவிடும். நீரின் நிறமும் பேசும். கலுங்கில் வழிந்து வருவது மெல்ல ஏறும், ஓரளவு தெளிந்திருக்கும். எங்காவது கண்மாய்க்கரை உடைந்தால் வருவது குழம்பிய செந்நீர், வேரும் புல்லுமாக. அது முப்பது மணி நேரம் காத்திருக்காது. அந்த நிறத்தைப் பார்த்தால் மூட்டையை மறந்துவிட்டு ஆட்களோடு மேட்டுக்குப் போக வேண்டியதுதான். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்று நான்கு இலக்க எண் இருக்கிறது, சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு எல்லா வெள்ளத்துக்கும் ஆகாது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டத்தின் ஓராண்டு மழையில் பாதி. பாம்பன், தங்கச்சிமடம் எல்லாம் மிதந்தன. என் நாத்தனார் தங்கச்சிமடத்தில் இருக்கிறாள். "உன் நோட்டு எனக்கு எதற்கு ஆகும் மதினி?" என்று கேட்டாள். ஆகாதுதான். தீவில் மேலே கண்மாய் கிடையாது, வானமே கலுங்கு. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: நீர் வடிகிற பள்ளத்தில் யார் வீடு கட்டினார்கள், எந்த வடிகாலை மூடினார்கள்.

வீட்டுக்குள் செய்தவை சின்னச் சின்ன வேலைகள். கருவாடு இப்போது மூடி போட்ட நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களில். தண்ணீர் வந்தாலும் மிதக்கும், ஊறாது. ஆனால் ஒன்றோடொன்று கயிற்றில் கட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இலங்கைக்குப் போய்விடும். ஆடுகளை ஐப்பசி முதல் மார்கழி வரை இரவில் கட்டுவதே இல்லை. பட்டியில் அடைத்து, படலை ஒற்றைக் கயிற்றில், இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போடுகிறோம். ரேஷன் அட்டை, பத்திரம், ஆதார் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பரணில். கழிப்பறைத் துளையில் மணல் நிரப்பிய பாலிதீன் பை ஒன்றை அமுக்கி வைத்துவிட்டால், குழியிலிருந்து எதிர்த்து வருவது வீட்டுக்குள் வராது. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை எழுத விரும்பவில்லை. சேறு வடிந்த வீட்டில் கையை விட்டு எதையும் தூக்காதீர்கள், கம்பால் தட்டிவிட்டுத் தூக்குங்கள். எங்கள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம், 108தான்.

கிணற்று விஷயத்தில் என் பிறந்த ஊர் அறிவு என்னை ஏமாற்றியது. அங்கே வெள்ளம் புகுந்த கிணற்றை முழுக்க இறைத்து ஊற்றிவிட்டு, புது ஊற்றை விடுவோம். இங்கேயும் மோட்டார் வைத்து அடிவரை இறைத்தேன். புது ஊற்று வந்தது, உப்பாக. கடலோரத்தில் நல்ல நீர் மேலே மெல்லிய ஏடு போல மிதக்கிறது, அடியில் உப்புநீர் காத்திருக்கிறது. வேகமாக இறைத்தால் அடியில் உள்ளது ஏறிவிடும். ஓர் ஆண்டு முழுக்க அந்தக் கிணறு துணி துவைக்கக்கூட ஆகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் விட்டு நாள் இறைத்திருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்டு, குடிக்கிற நீரைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டு, அடுத்த மழைக்குக் காத்திருந்திருக்க வேண்டும். சுவர் கதையும் இப்படித்தான். கடல்நீர் கலந்த வெள்ளம் நின்ற சுவரில் உப்புப் பூக்கும். அதன்மேல் அவசரமாகப் பெயிண்ட் அடித்தால் காசுதான் உதிரும். நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவி, ஒரு கோடை காயவிட்டுப் பிறகு அடித்தோம்.

குழாய்ப் பாலம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பெரிய பாலம் கேட்டுக் கொடுத்த மனுக்களின் நகல்கள் அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு கட்டு. ஆனால் ஒன்றில் ஜெயித்தோம். முன்பெல்லாம் நவம்பர் 1 கிராமசபையில் எழுந்து குழாயைச் சுத்தம் செய்யுங்கள் என்று கேட்போம். தீர்மானம் நிறைவேறுவதற்கு முன்னால் வெள்ளம் வந்து நிற்கும். இப்போது ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே கேட்டு எழுதவைத்துவிடுகிறோம், புரட்டாசிக்குள் குழாயும் இருநூறு மீட்டர் ஆறும் சுத்தமாகிவிடுகிறது. வேலிக்கருவையை வெட்டுவதில் ஊருக்குள் சண்டை வந்தது. மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. மரத்தை வேரோடு எடுத்துவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆற்றுக்குள் நிற்பதை அவர்களே வெட்டிக் கரிக்கு எடுத்துக்கொள்ளட்டும், கரைக்கு வெளியே நிற்பது அப்படியே இருக்கட்டும் என்று முடிந்தது. வெட்டியதை ஆற்றுக்குள்ளேயே போட்டுவிட்டுப் போனால் அடுத்த குழாயில் போய் அடைக்கும் என்பதால், மேட்டில் கொண்டுபோய்க் குவித்த பிறகுதான் மூட்டம். முகத்துவாரத்தை வெட்டும் நாளை இப்போது படகுக்காரர்களே குறிக்கிறார்கள். பீடி பிடித்த அந்தப் பெரியவர் இறந்துவிட்டார். அவர் மகன்தான் வற்றம் பார்த்துச் சொல்கிறான்.

போன கார்த்திகையில் அண்ணன் காலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டான். இப்போதெல்லாம் அவனுக்கும் பழகிவிட்டது, நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே உயரத்தைச் சொல்லிவிடுகிறான். "முக்கால் முழம். ஏறிக்கொண்டிருக்கிறது." நோட்டில் எழுதினேன். மாமாவை எழுப்பினேன், அவர் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பினார். மத்தியான பஸ்ஸில் நடத்துநர் ஒரு தூக்குவாளியை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். கலுங்கடியில் வெட்டிய கிடாயின் கறி. அத்தை அதை மொட்டைமாடியில் வைத்தே குழம்பு வைத்தார். அடுப்பு, விறகு, அரிசி எல்லாம் ஏற்கெனவே மேலே போய்விட்டிருந்தன. மறுநாள் இரவு பத்து மணிக்குப் பின்கொல்லையில் தண்ணீர் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர்தான். அண்ணனுக்குப் போன் செய்து, "வந்துவிட்டது" என்றேன். "கறியா?" என்று கேட்டான். "கறி நேற்றே வந்துவிட்டது அண்ணே" என்றேன்.